செல்போன் வழியே கண் மருத்துவம்: ஊரடங்கில் தொடங்கி இன்றுவரை

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து விடுதிகள் காலியானபோது, எங்கள் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் கண் மருத்துவத்தை ஜூமிலும் கூகுள் மீட்டிலும் நடத்த ஆரம்பித்தோம். கல்லூரி திறந்த பிறகும் அதில் ஒரு பகுதியை நான் விடவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் என் கணிப்பு இதுதான்: கண்ணில் என்ன தெரிகிறது என்று சொல்லிக்கொடுக்க ஆன்லைன்தான் வகுப்பறையைவிட மேல். அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்க அது உதவாது.

ஓ.பி.யில் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு ஸ்லிட் லேம்ப்பைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால், நாலாவது ஆள் பார்ப்பதற்குள் நோயாளிக்குக் கண் கூசி நீர் வழிய ஆரம்பித்துவிடும். ஐபீஸில் செல்போனைப் பொருத்தும் சின்ன பிளாஸ்டிக் அடாப்டர் ஒன்று வாங்கியதும் அந்தத் தொல்லை போயிற்று. நோயாளியின் சம்மதத்தோடு ஒருமுறை வீடியோ எடுத்தால் போதும். கார்னியல் அல்சர் (கருவிழிப் புண்), ஹைப்போபியான் (கண்ணுக்குள் தேங்கும் சீழ்), முற்றிய கண்புரை எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திக் காட்டலாம்.

ஆனால் லைவாகக் காட்ட ஆசைப்படாதீர்கள். யுவைடிஸ் (கண்ணுக்குள் வரும் அழற்சி) இருக்கும் கண்ணில் ஒளிக்கீற்றைப் பாய்ச்சினால், கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் தூசு மிதப்பதுபோல செல்கள் மிதக்கும். ஸ்கிரீன் ஷேரில் அது மொத்தமாகக் காணாமல் போய்விடும். கண்ணின் நடுவே உள்ள கறுப்புத் துளையான பாவையைச் சோதிப்பது இன்னும் மோசம். டார்ச் அடித்ததும் போன் தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். பாவை சுருங்குகிறதா விரிகிறதா என்று புரியாது. எக்ஸ்போஷரை லாக் செய்து, பதிவுசெய்து, ஃபைலை முன்கூட்டியே அனுப்பிவிடுவதுதான் வழி. அதையும் குரூப்பில் வீடியோவாகப் போடாமல் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் தரம் போய்விடும். தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவில் காலம் தள்ளிய மாணவர்களுக்கும் இந்த முறை வசதியாக இருந்தது. இரவில் டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டார்கள்.

இலவச ஜூமின் 40 நிமிட வரம்பு எனக்கு நல்லதாகவே அமைந்தது. கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை அதற்கு மேல் பிடித்துவைப்பதில் பயனில்லை. வகுப்பில் வாயே திறக்காத சிலர் சாட்டில் பிரமாதமான கேள்விகள் கேட்டார்கள்.

வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பார்வையைச் சோதிக்கும் எழுத்துப் பலகையான ஸ்நெல்லன் சார்ட்டை பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். 6 மீட்டர் சார்ட்டில் மேலே இருக்கும் பெரிய எழுத்தின் உயரம் 87 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஸ்கேலால் அளந்து பாருங்கள் என்றேன். பெரும்பாலான வீடுகளில் 6 மீட்டர் நீளத்துக்கு இடம் ஏது? முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துத் தூரத்தை இரட்டிப்பாக்கினார்கள். அந்த எழுத்து ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று எந்த பேட்ச்சும் அதற்கு முன் என்னிடம் கேட்டதில்லை. அப்புறம் டார்ச் சோதனை. கண்ணின் வெளிப்பக்கத்திலிருந்து ஐரிஸுக்கு (பாவையைச் சுற்றியுள்ள நிற வளையம்) இணையாக வெளிச்சம் அடித்தால், அதற்கு முன்னால் உள்ள முன்னறை ஆழமில்லாத கண்ணில் மூக்குப் பக்க ஐரிஸில் நிழல் விழும். ஒரு மாணவி தன் பாட்டியின் கண்ணில் நிழல் விழுகிறது என்று எழுதினார். பிறகு பரிசோதித்ததில் கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகியிருந்தது தெரிந்து, பாட்டிக்கு லேசர் ஐரிடாட்டமி (ஐரிஸில் லேசரால் சிறு துளை போடுவது) செய்தார்கள்.

2021 மே மாதம், இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை வந்தபோது ஆன்லைன் கேஸ் விவாதம் வேறு மாதிரி ஆகிவிட்டது. சர்க்கரை நோய், ஸ்டீராய்டு, கன்னத்தில் வலி, இமை வீக்கம், அசையாத கண் என்று படங்களோடு மாலையில் பேசியதை, கோவிட் ட்யூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள் மறுநாளே வார்டில் பார்த்தார்கள்.

சரி, குறை எங்கே? மாணவர்கள் திரும்பி வந்ததும் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கைக்கருவியான டைரக்ட் ஆஃப்தால்மாஸ்கோப்பைக் கையில் கொடுத்தேன். படத்தில் பாப்பிலெடிமாவை (ஆப்டிக் டிஸ்க் வீக்கம்) ஒரு நொடியில் சொன்னவர்களுக்கு, உயிருள்ள கண்ணில் பார்வை நரம்பு தொடங்கும் அந்த ஆப்டிக் டிஸ்க்கே கிடைக்கவில்லை. காரணம் எளிது. கண்ணின் உட்பின்புறத்தை (ஃபண்டஸ்) எடுக்கும் சாதாரண ஃபண்டஸ் கேமரா படம் 45 டிகிரி வரை காட்டும். இந்தக் கருவி ஒரு நேரத்தில் காட்டுவது சுமார் 5 டிகிரி. முழுப் படத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அந்தத் துண்டில் வழி தெரியாமல் நின்றார்கள். இப்போது ஃபண்டஸ் படத்தைக் கறுப்புத் திரையால் மூடி, சிறு வட்டம் மட்டும் தெரியும்படி நகர்த்திக் காட்டுகிறேன். ரத்தக்குழாய் கிளை பிரியும் முனை டிஸ்க் இருக்கும் திசையைக் காட்டும், அதைப் பிடித்துக்கொண்டே போ என்பதுதான் பாடம். இது ஓரளவு உதவுகிறது. ஆனால் நோயாளியின் வலது கண்ணைத் தன் வலது கண்ணால், வலது கையில் கருவியைப் பிடித்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டுமளவு நெருங்கிப் பார்க்கும் கூச்சம் நேரில்தான் போகும்.

இன்றும் தியரியில் பாதியும் மாலைக் கேஸ் விவாதமும் ஆன்லைனில்தான். கூடுதலாகப் படிக்க விரும்புபவர்களுக்கு ஆர்பிஸ் என்ற கண் நலத் தொண்டு நிறுவனத்தின் சைபர்சைட் இணையதளத்தைச் சொல்கிறேன், இலவசம். அடாப்டர் வாங்கும் ஆசிரியர்கள் தங்கள் போனுக்கு மட்டும் பொருந்துவதை வாங்காமல், எல்லா அளவுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடியதை வாங்குங்கள். போன் மாறிக்கொண்டே இருக்கும், ஸ்லிட் லேம்ப் மாறாது.