நகரத்துக்குள் ஒரு பி.எஸ்.6 டீசல் கார்: சில ஆண்டு அனுபவம்

வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு அடுத்த ஆண்டு 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் கொண்ட சிறிய எஸ்.யு.வி. ஒன்றை வாங்கினோம். கோவையில் சிங்காநல்லூரிலிருந்து பீளமேட்டுக்கு அலுவலகம் போய் வருவதும், விடுமுறை கிடைத்தால் வால்பாறைக்கோ ஊட்டிக்கோ கிளம்புவதும்தான் அதற்கு நாங்கள் கொடுத்த வேலை. இதில் மலைப் பயணங்கள் ஒருநாளும் தொல்லை தந்ததில்லை. வந்த கோளாறுகள் எல்லாம் அந்தச் சில கிலோமீட்டர் அலுவலகப் பாதையிலிருந்து வந்தவையே.

வால்பாறைப் பாதையில் ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியிருந்தாலும் வண்டி இரண்டாவது கியரில் திணறாமல் ஏறுகிறது. இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கையான ஆர்.பி.எம். 1,500-க்குக் கீழே இறங்கினால் மட்டும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பிடிக்காமல் இழுவை சட்டென்று செத்துவிடும் என்பதால், வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிடுவது நல்லது. இறங்கும்போதும் அதே கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடேறி நாற்றம் அடிப்பதில்லை. (ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும் என்பதை வார இறுதிக் கூட்டம் மட்டும் ஏனோ ஏற்றுக்கொள்வதே இல்லை.) நெடுஞ்சாலையில் லிட்டருக்கு இருபது கிலோமீட்டரை ஒட்டியும், நகரத்துக்குள் பதின்மூன்று பதினான்கும் கிடைக்கிறது.

இனி கோளாறுக்கு வருவோம். டி.பி.எஃப். என்று சொல்லப்படும் கரி வடிகட்டி, டீசல் புகையில் உள்ள நுண்ணிய கரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது ஓரளவு நிரம்பியதும், இன்ஜினின் கணினி கூடுதலாக டீசலைச் செலுத்திப் புகைக்குழாயின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரிக்கு உயர்த்தி, சேர்ந்த கரியை எரித்துவிடுகிறது. இதற்கு அறுபது கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் பதினைந்து இருபது நிமிட ஓட்டம் வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று, வண்டி சூடாவதற்குள் அலுவலகம் வந்துவிடுகிற பாதையில் அது நடப்பதில்லை. எரியத் தொடங்கிய நேரத்தில் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுகிறோம். நின்ற வண்டியில் ஐட்லிங் ஆயிரத்தை ஒட்டி நிற்பது, மைலேஜ் காட்டி ஒற்றை இலக்கத்துக்குச் சரிவது, நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி இரைந்துகொண்டிருப்பது ஆகியவை அந்த வேலை நடந்துகொண்டிருப்பதற்கான அடையாளங்கள். இப்படிப் பலமுறை பாதியில் நின்றுபோனால், எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து, ஆயில் அளவைப் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிவிடும். ஆயில் குறைந்தால் பதறுகிற நாம், கூடினால் கண்டுகொள்வதில்லை. டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயிலோ பேரிங்குகளையும் டர்போவையும் சத்தமில்லாமல் அரித்துவிடும்.

மூன்றாம் ஆண்டில் இந்த வடிகட்டிக்கான எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரியத் தொடங்கியது. நீலாம்பூர் தாண்டிச் செங்கப்பள்ளி வரை ஆறுவழிச் சாலையில் ஒரே சீராக ஓட்டினால் அணையும், சில நாட்களில் மறுபடியும் எரியும். சர்வீஸ் சென்டரில் வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்று லட்சத்தைத் தாண்டிய ஒரு மதிப்பீட்டைக் கையில் கொடுத்தார்கள். வெளியே சிறிய பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் வடிகட்டியைத் தொடவே இல்லை. இன்ஜினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் வடிகட்டியின் இருபுற அழுத்த வேறுபாட்டைப் பார்த்தார். புகையே ஓடாத நிலையில் அது சுழியமாக இருக்க வேண்டும். அங்கே ஓர் அளவு காட்டிக்கொண்டிருந்தது. அடைப்பு இருப்பதாகப் பொய் சொன்னது அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சார்தான். சில ஆயிரம் ரூபாயில் அதை மாற்றி, ஸ்கேனர் வழியாக ஒருமுறை கரியை எரிக்க வைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது.

அந்த மதிப்பீட்டைக் கேள்விப்பட்ட சிலர், வடிகட்டியைக் கழற்றிவிட்டு மென்பொருளை மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். வண்டியின் மூல வடிவமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்பது ஒருபுறம். பின்னால் வருபவர் மூச்சில் அந்தக் கரியை ஏற்றுவது எந்தக் கணக்கிலும் சேமிப்பு ஆகாது.

டயர், பேட்டரி, ஏசி பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. கிளட்ச் மட்டும் நகர நெரிசலில் கனத்துத் தெரிகிறது. ஆயில் விஷயத்தில் கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் தரத்தைத் தவிர வேறொன்றை ஊற்றவிடக் கூடாது. கரி எரிந்து போகும், ஆயிலின் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு பெட்ரோல் வண்டியே போதும். ஷோரூமில் எங்களிடம் நிறத்தைக் கேட்டார்கள், தினசரி தூரத்தை ஒருவரும் கேட்கவில்லை. பழைய பி.எஸ்.6 டீசல் வண்டி வாங்குபவர்கள் பெயிண்டைத் தடவிப் பார்ப்பதோடு நிற்காமல், டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, வடிகட்டியில் எவ்வளவு கரி நிற்கிறது, கடைசியாக அது எத்தனை கிலோமீட்டருக்கு முன் முழுமையாக எரிந்தது என்பதை ஸ்கேனரில் படித்துக் காட்டச் சொல்லிய பிறகே விலை பேச வேண்டும்.