கட்டைவிரல் வளையம்: பிவிசி குழாயா, தோலா, எருமைக் கொம்பா, டெல்ரினா?

வில்லின் நாணைக் கட்டைவிரலால் இழுக்கிறவர்கள் விரலைக் காக்க மாட்டிக்கொள்வது கட்டைவிரல் வளையம். அதற்கு எந்தப் பொருள் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கொம்புதான் என்பார் ஒருவர், பித்தளைக்கு ஈடில்லை என்பார் இன்னொருவர். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அளவு தப்பிப்போனால் எந்தப் பொருளில் சரிக்கட்ட முடியும்? வீட்டில் செய்கிற முதல் வளையம் அநேகமாக யாருக்கும் பொருந்துவதில்லை. அதனால் இங்கே எல்லாப் பொருளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடுகிறோம்.

இங்கே பேசுவது நாக்கு வைத்த வளையத்தைப் பற்றி மட்டும். துருக்கியர், முகலாயர், கொரியர் பயன்படுத்திய வளையங்களில் பெரும்பாலானவை இந்த இனம். விரலின் உட்புறச் சதையை மூடியபடி ஒரு நாக்கு நீண்டிருக்கும். நாக்கு வளையத்தோடு சேரும் அடிப்பக்கத்தில், வெளிப்புறமாக, நாண் உட்காரும். மஞ்சூரியர்களின் உருளை வளையத்தில் நாக்கே கிடையாது, அதைப் பிடிக்கும் முறையும் வேறு. அதை இங்கே சேர்க்கவில்லை.

முதலில் துளை

எந்தப் பொருளாக இருந்தாலும் துளை வட்டமாக இருக்கக் கூடாது, நீள்வட்டமாக இருக்க வேண்டும். நகத்துக்குக் கீழே உள்ள மூட்டை வெர்னியரால் அளந்து பாருங்கள். பக்கவாட்டில் அகலமாகவும் முன்பின்னாகத் தடிமன் குறைவாகவும் இருக்கும். உதாரணத்துக்கு அகலம் 22 மி.மீ., தடிமன் 19 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். துளை 20.5 மி.மீ.க்கு 22.5 மி.மீ. இருந்தால் போதும். நீளமான அச்சு, நாக்கிலிருந்து நகப் பக்கம் போகிற திசையில் இருக்க வேண்டும். மாட்டும்போது வளையத்தைக் கால் சுற்று திருப்பினால் அது மூட்டைத் தாண்டி உள்ளே போகும். பிறகு நாக்கு சதைப் பக்கம் வருமாறு திருப்பினால் 22 மி.மீ. மூட்டு 20.5 மி.மீ. இடைவெளியில் பூட்டிக்கொள்ளும். வட்டத் துளை போட்டவர்களின் வளையம்தான் அம்போடு சேர்ந்து பறந்து போகிறது.

அளவெடுக்கும் நேரமும் முக்கியம். ஓசூர்க் காலைக் குளிரில் கச்சிதமாக இருந்த வளையம் தர்மபுரி மதிய வெயிலில் விரலை நெரிக்கும். வீங்கிய விரலுக்கு அளவெடுங்கள், மாலையில். குளிர் நேரத்துத் தளர்ச்சிக்கு உள்ளே ஒரு மெல்லிய தோல் பட்டை வைத்தால் போதும்.

நாக்கு, விரலைச் சுற்றும் பட்டையிலிருந்து 12 முதல் 15 மி.மீ. நீளம். அடியில் 4 மி.மீ. கனம், நுனியில் 2 மி.மீ. நுனி சதையை விட்டு வெளிப்பக்கம் லேசாக விரிந்திருக்க வேண்டும். நகப் பக்கப் பட்டை 8 மி.மீ. உயரம் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் விரல் மடங்காது, மடக்கிய கட்டைவிரலின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துப் பூட்டுப் போட முடியாது.

பிவிசி குழாய்

தொடங்குகிறவருக்கு எங்கள் தேர்வு இதுதான். எந்த ஹார்டுவேர் கடையிலும் துண்டு கிடைக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், சூடாக்கினால் இளகும், மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும். பெரிதாகிப்போன துளையைச் சின்னதாக்க முடிகிற பொருள் இந்தப் பட்டியலில் ஏறக்குறைய இது ஒன்றுதான்.

கடையில் கேட்க வேண்டியது முக்கால் இஞ்ச், ஷெட்யூல் 40 யுபிவிசி. உள்விட்டம் ஏறத்தாழ 20.9 மி.மீ., சுவர் 2.9 மி.மீ. பெருத்த விரல் என்றால் ஒரு இஞ்ச் ஷெட்யூல் 80 எடுத்து (உள்விட்டம் 24.3 மி.மீ.) உள்ளே 1 மி.மீ. தோல் ஒட்டிக்கொள்ளலாம். வெந்நீருக்குப் போடுகிற மஞ்சள் கலந்த சிபிவிசி வேண்டாம். கொதிநீரில் அது சரியாக இளகாது. சொட்டுநீர்ப் பாசனத்தில் மிஞ்சிய கறுப்பு ட்யூபும் உதவாது. அது பாலிஎத்திலீன், நாண் ஏறினால் நாக்கு மடங்கும், பசையும் பிடிக்காது.

30 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, நகப் பக்கம் 8 மி.மீ. விட்டு மீதியை ஹேக்சா பிளேடால் சரிவாக அறுத்தெடுங்கள். ஒரு மரக்குச்சியை 20.5க்கு 22.5 மி.மீ. நீள்வட்டமாகச் செதுக்கித் தயாராக வைத்திருங்கள். குழாய்த் துண்டைக் கொதிக்கிற நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, இடுக்கியால் எடுத்துக் குச்சியில் செருகி, நாக்கு நுனியைக் கரண்டியின் முதுகில் அழுத்தி விரித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் முக்குங்கள். நேரடி நெருப்பில் காட்டாதீர்கள். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், தொண்டையைப் பிடிக்கும்.

குறை என்னவென்றால், வில்லின் இழுவிசை 35 பவுண்டுக்கு மேல் போனால் 2.9 மி.மீ. நாக்கு நெளிய ஆரம்பிக்கும். அதே குழாயில் இன்னொரு நாக்கை வெட்டி, சுடுநீரில் இளக்கி வெளிப்புறத்துக்குப் படியவைத்து, சால்வென்ட் சிமெண்ட் தடவி ஒரு நாள் இறுக்கி வைத்தால் கனம் இரட்டிப்பாகும். பார்க்க அழகில்லை, வேலை நடக்கும்.

தோல்

25, 30 பவுண்டு வில்லுக்கும், விரல் நோகிறவர்களுக்கும் தோல் சுகம். பக்கத்து வாணியம்பாடி, ஆம்பூர் தோல் இந்தப் பக்கம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் எல்லாத் தோலும் ஆகாது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம் பதனிட்டது. இழுத்தால் நீளும், நாக்கு நிற்காது. முழுக்கப் பழுப்பாக இருந்தால் ஆவாரம்பட்டை மாதிரி மரப்பட்டையில் பதனிட்டதாக இருக்கும், அதை எடுங்கள். 3 மி.மீ. கனம். நாக்கை இரண்டு அடுக்காக ஒட்டி, ஓரத்தைச் செருப்பு தைப்பவரிடம் மெழுகு நூலில் தைத்து வாங்குவது நல்லது.

தோலில் அளவு தப்புவது பெரிய விஷயமில்லை, தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். பிரச்சினை வேறு. வியர்வையில் ஊறி நீளும். நாண் பட்ட இடத்தில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த பிறகு நாண் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி கழலும், அம்பு பக்கவாட்டில் ஆடிக்கொண்டு போகும். அந்தக் கட்டத்தில் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் புதிதாக ஒன்று தைத்துக்கொள்வதே சுலபம்.

எருமைக் கொம்பு

தர்மபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களில் வில்லேந்தி நிற்கும் வீரர்களைப் பார்த்துவிட்டு, செய்தால் பழைய பொருளில்தான் என்று நேராகக் கொம்பில் கைவைக்கிறவர்கள் உண்டு. ஆசை நியாயமானது, வரிசைதான் தப்பு. கொம்பைத் தேய்த்துக் குறைக்கலாம், கூட்ட முடியாது. அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் லேசாக இளகும். நாக்கு நுனியை ஓரிரு மி.மீ. விரிக்கலாம். பெரிதாகிப்போன துளையை அதை வைத்து மீட்க முடியாது.

தேவை கொம்பின் கெட்டியான நுனிப் பகுதி. அடிப்பக்கம் உள்ளே எலும்பு ஓடும், அதை எடுத்தால் வெறும் கூடு. பச்சைக் கொம்பைச் சில வாரம் நிழலில் உலர்த்தி, டார்ச் அடித்து விரிசல் பார்த்து, 40 மி.மீ. துண்டு எடுங்கள். துளை கொம்பின் நீளவாக்கிலேயே போக வேண்டும். கொம்பின் நார் நீளவாக்கில் ஓடுவதால் அப்போதுதான் நாக்கிலும் நார் நீளமாக அமையும். குறுக்கே துளைத்தால் நாக்கு அடியோடு பிளக்கும். முதலில் 12 மி.மீ. பிட், பிறகு அரைவட்ட அரம். அதற்குப் பின் 120, 240, 400, 800 என உப்புத்தாள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நாற்றத்துக்கு வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பாடு.

முடிந்த கொம்பு வளையத்தின் வழவழப்புக்கும் லேசான எடைக்கும் மற்ற எதுவும் பக்கத்தில் வராது. 50 பவுண்டும் தாங்கும். பராமரிப்பு கேட்கும்: தேங்காய் எண்ணெய் தடவாமல் கோடையில் போட்டுவிட்டால் அடுக்கு அடுக்காகப் பிரியும், கவனிக்காமல் விட்டால் பூச்சி அரிக்கும். ஒன்று மட்டும் கறாராக: காட்டில் உதிர்ந்து கிடந்ததே என்று மான் கொம்பை எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

டெல்ரின்

டெல்ரின் என்பது இயந்திர பாகங்கள் செய்கிற ஒரு கெட்டிப் பிளாஸ்டிக். கொம்புக்கு நேர் போட்டி இது. ஓசூரில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, 40 மி.மீ. விட்ட ராடில் 40 மி.மீ. நீளத் துண்டு கழிவாகவே கிடக்கும். லேத்திலேயே 20 மி.மீ. துளை போட்டு வாங்கிவிட்டால், பக்கவாட்டில் கால் மி.மீ.யும் முன்பின்னாக ஒன்றேகால் மி.மீ.யும் இரண்டு பக்கமும் அரத்தால் எடுத்தால் நம் நீள்வட்டம் வந்துவிடும். நார் கிடையாது என்பதால் எந்தத் திசையில் வெட்டினாலும் ஒரே பலம். வியர்வை குடிக்காது, எண்ணெய் கேட்காது.

பட்டறையில் டெல்ரின் என்று சொல்லி வெள்ளை நைலானைக் கொடுத்துவிடுவதுண்டு. நைலான் அரத்தில் பஞ்சு மாதிரி பிசிறு விடும், ஈரம் குடித்து ஊதும். ஒரு டம்ளரில் 200 மி.லி. தண்ணீருக்கு 70 கிராம் உப்பைக் கரைத்து, சின்னத் துணுக்கைப் போட்டுப் பாருங்கள். நைலான் மிதக்கும், டெல்ரின் மூழ்கும்.

சரிக்கட்டும் கேள்விக்கு வந்தால் டெல்ரின்தான் கடைசி. வெந்நீருக்கு அசையாது, ஒட்டவும் ஒட்டாது. உள்ளே தோல் ஒட்டிச் சின்னதாக்கலாம் என்று பார்த்தால் பசை இரண்டு நாளில் உரியும். ஆகவே பிவிசியில் ஒன்றைச் செய்து, சில வாரம் எய்து, அளவைத் திருத்தி முடித்த பிறகு அதையே மாதிரியாக வைத்து டெல்ரினில் செய்யுங்கள். இந்த வரிசையில் போனால், அன்றாடப் பயிற்சிக்கு கொம்பைவிட டெல்ரினையே பரிந்துரைப்போம். ஒன்று தொலைந்தால் அதே அளவில் அப்படியே இன்னொன்று செய்ய முடிகிறதே.

மற்றவை

பித்தளை கனம், வியர்வையில் பச்சை பிடிக்கும், ஒரு கீறல் விழுந்தால் நாண் சுற்றுநூலை அறுக்கும். பத்தரிடம் பற்றவைத்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். மரம், புளியங்கட்டையானாலும், சிக்கல்தான்: நார் நாக்கோடு ஓடினால் பட்டை பிளக்கும், பட்டையோடு ஓடினால் நாக்கு ஒடியும். எம்-சீல் கூட்டவும் குறைக்கவும் ஏற்றது, அச்சு எடுக்க நல்லது. தனியாக நாணைத் தாங்காது, ஈரமாக இருக்கும்போது வெறும் விரலில் வைத்துப் பிடிக்கவும் கூடாது, தோல் ஒவ்வாமை வரும். முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். வெயிலில் நின்ற வண்டியின் பெட்டிக்குள் வைத்தால் கோணிவிடும். பிஇடிஜி பிளாஸ்டிக்கில், உள்ளே முழுக்க நிரப்பி அச்சடித்தால் பரவாயில்லை.

மாட்டுவதற்கு முன்

வளையத்தை விரலில் போட்டுச் சோதிக்காதீர்கள். விரல் கனத்துக்கு ஒரு கட்டையில் மாட்டி, நாண் உட்காரும் இடத்தில் நைலான் கயிறு போட்டு, தண்ணீர் வாளியைத் தொங்கவிடுங்கள். 35 பவுண்டு வில் என்றால் ஏறத்தாழ 16 கிலோ. அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 24 கிலோவைப் பத்து நிமிடம் தாங்க வேண்டும். இரண்டு வாளி தேவைப்படும். வெள்ளைக் கோடு தெரிந்தாலோ நாக்கு நெளிந்தாலோ அது குப்பைக்கு.

பிறகு விரலில். நாக்கு நுனி பட்ட இடத்தில் கொப்புளம் வந்தால் நுனி உள்ளே வளைந்திருக்கிறது, விரித்துவிடுங்கள். மூட்டின் பக்கவாட்டில் மரத்துப்போனால் துளையின் குறுகிய அச்சு இறுக்கம், கால் மி.மீ. தேயுங்கள், அதற்குமேல் ஒரே தடவையில் வேண்டாம். வளையம் விரலைச் சுற்றிச் சுழன்றால் நீள்வட்டம் போதவில்லை. நாண் தயங்கிக் கழன்றால் நாக்கின் மேற்பரப்பை நகத்தால் வருடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத படி ஒன்று நகத்தில் தட்டும். 800 உப்புத்தாள், பிறகு கொஞ்சம் மெழுகு. இந்தப் பரிசோதனை எதிலும் அம்பில்லாமல் நாணை விட்டுவிடாதீர்கள். வளையம் போனால் ஒரு சாண் குழாயோடு போகும், வெறும் நாணை விட்டால் வில்லே ஒடியும்.