ஸ்கார்லெட் ஜோஹான்சனோட முதல் ஆல்பம் கேட்டேன்

2008ல ஹாலிவுட் நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன் போட்ட 'எனிவேர் ஐ லே மை ஹெட்' ஆல்பத்த இந்த வாரம் தான் முழுசா கேட்டேன், ரெண்டு ராத்திரி விடாம. மொத்தம் 11 டிராக், அதுல பத்து அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸோட பழைய பாட்டு, 'சாங் ஃபார் ஜோ' ஒண்ணு மட்டும் தான் இவங்களும் புரொடியூசர் டேவ் சிட்டெக்கும் சேர்ந்து எழுதினது. முதல் ஆல்பத்துக்கே டாம் வெயிட்ஸ எடுக்கறதுக்கு தைரியம் வேணும்ங்க, அந்த மனுஷன் குரல் சரளைக்கல்லு மேல வண்டி ஓடுற மாதிரி இருக்கும், வேற யாரு பாடினாலும் மனசு ஒரிஜினலுக்கே ஓடும்.

என் வருத்தம் ஒண்ணே ஒண்ணு தான், மிக்ஸிங், அதாவது குரலையும் இசையையும் கலந்திருக்கற விதம். சிட்டெக் டிவி ஆன் தி ரேடியோ பேண்ட் ஆளு, ஆர்கன், மணி, சின்த், கிடார்னு அடுக்கு மேல அடுக்கா போட்டு ஒரு பெரிய மூட்டமே கட்டிருக்காரு, கேக்க அழகா தான் இருக்கு, ஆனா பாடுறவங்க அதுக்குள்ள முங்கிடறாங்க. முதல் டிராக் 'ஃபான்'ல குரலே கிடையாது, வெறும் இசை. அடுத்து அவங்க பாட வந்தாலும் பக்கத்து ரூம்ல பாடுற மாதிரி தான் கேக்குது. இத்தனைக்கும் அவங்களுக்கு நல்ல கனமான கீழ் ஸ்தாயி குரல், அத ஏன் ஒளிச்சு வைக்கணும்? நிறைய பேரு அவங்களுக்கு பாட வரலன்னு சொல்றாங்க, எனக்கு அப்படி தோணல.

'ஐ விஷ் ஐ வாஸ் இன் நியூ ஆர்லியன்ஸ்' கேட்டுப் பாருங்க புரியும். ஒரிஜினல்ல பியானோ, வயலின் எல்லாம் வரும், இங்க சாவி கொடுத்த மியூசிக் பாக்ஸ் மாதிரி ஒரு சின்ன சத்தம், அது மேல அவங்க குரல், அவ்ளோ தான். எனக்கு தொண்டையே அடைச்சிடுச்சு. இதே மாதிரி இன்னும் நாலு பாட்டு விட்டிருந்தா இந்த ஆல்பத்தோட கதையே வேற.

'ஃபாலிங் டவுன்', 'ஃபானின் ஸ்ட்ரீட்' ரெண்டுலயும் பின்னாடி இங்கிலாந்து ராக் பாடகர் டேவிட் போவி பாடிருக்காரு, தன்ன முன்னாடி தள்ளாம அவங்களுக்குத் தோள் கொடுக்கற மாதிரி பாடிருக்காரு. 'ஐ டோன்ட் வான்னா க்ரோ அப்' டிரம் மெஷின் போட்டு டான்ஸ் பாட்டா மாத்தினது எனக்கு ஒட்டவே இல்ல.

புதுசா கேக்கறவங்க வரிசையா போகாதீங்க, நியூ ஆர்லியன்ஸ்ல ஆரம்பிச்சு 'ஃபாலிங் டவுன்' போங்க. ஹெட்ஃபோன் கட்டாயம், ஃபோன் ஸ்பீக்கர்ல போட்டா இருக்கற கொஞ்ச குரலும் காணாம போயிடும்.