‘டைட்டானியம் கத்தி’ வாங்கப் போகிறீர்களா? கையில் ஒரு காந்தம் இருக்கட்டும்

தங்க நிறத்தில் பளபளவென்று ஒரு கத்தி ஆன்லைனில் விற்கிறது, ‘டைட்டானியம், ஸ்டீலை விட மூன்று மடங்கு கடினம், ஆயுளுக்கும் சாணை பிடிக்க வேண்டாம்’ என்று. வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கியது கொஞ்ச நாளிலேயே காகிதத்தை அறுக்காமல் கசக்கித் தள்ள ஆரம்பித்துவிட்டது.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், வெட்டும் விளிம்பு முழுக்கத் தங்க நிறம் போய் ஒரு சாம்பல் கோடு. நகத்தை அலகின் பக்கவாட்டில் தடவினால் ஒரு பக்கம் வழுக்குகிறது, மறுபக்கம் மாட்டுகிறது. அதாவது கூர் தேயக்கூட இல்லை, அப்படியே ஒருபக்கமாக மடங்கிக் கிடக்கிறது. சந்தேகப்பட்டு ஒரு காந்தத்தைக் காட்டினேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. கடலடியில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் டைட்டானியக் கத்தி வைத்திருப்பதே அதற்காகத்தான்.

கூத்து என்னவென்றால், அந்த ‘மூன்று மடங்கு’ முழுப் பொய் இல்லை. தங்க நிறம் தரும் டைட்டானியம் நைட்ரைடு என்ற பூச்சின் கடினம், கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் 2000-ஐ ஒட்டி வரும், நல்ல கத்தி ஸ்டீல் 600 முதல் 750 வரை. ஆனால் அந்தப் பூச்சின் தடிமன் சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அதுவும் விளிம்பைத் தீட்டியதும் போய்விடும், அப்புறம் வெட்டுவதெல்லாம் அடியில் இருக்கிற ஸ்டீல்தான், அது மட்டமானது என்றால் மேலே என்ன பூசி என்ன பயன்? சரி, நிஜமாகவே டைட்டானியமாக இருந்தாலும் கூர் நிற்காது. அதிகம் புழங்கும் டைட்டானியக் கலவை ராக்வெல் சி என்ற இன்னொரு கடின அளவில் 36-ஐத் தாண்டுவதே கஷ்டம். நல்ல கத்தி ஸ்டீல் 56-லிருந்து 62 வரை போகும். துருப்பிடிக்காது, எடை குறைவு, அவ்வளவுதான் அதன் பெருமை.

புகார் செய்தால், ‘பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம், கூடுதல் பணம் கட்டினால் செராமிக் மாடல் தருகிறோம்’ என்கிறார்கள். செராமிக் உண்மையிலேயே கடினம்தான், கத்திக்குப் போடும் சிர்கோனியா என்ற செராமிக் விக்கர்ஸில் 1200 வரும், கூரும் நெடுநாள் நிற்கும். ஆனால் ஸ்டீல் மடங்குகிற இடத்தில் இது உடைந்து தெறிக்கும், கெட்டியான எதிலாவது பட்டால் விளிம்பில் பல் விழுந்துவிடும், தீட்ட வைரக்கல் வேண்டும். கீழே விழுந்தால் உத்தரவாதம் செல்லாது என்று அவர்களே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்! ‘கறுப்பு செராமிக்’ என்று வருவதிலும் சில, பூச்சடித்த ஸ்டீல்தான். அங்கேயும் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்பே, ஸ்டீலின் பெயர் என்ன, ராக்வெல் எண் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் கத்தியில் பூச்சுக்கு அடியில் என்ன ஸ்டீல் என்று நான் கேட்டதற்கு வந்த பதில் இதுதான்: ‘பிரீமியம் ஸ்டீல், சார்.’