நடமாடும் கோளரங்கம்: படம் அருமை, பேரண்டம் சுருங்கும் பகுதி மட்டும் பழசு

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பள்ளிகளுக்கு வந்துபோகிற ஊதுகூடாரக் கோளரங்கத்தில், பேரண்டம் எப்படி முடியும் என்றொரு காட்சி ஓடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் தாராளமாக அழைக்கலாம். ஆனால் சிலதைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஐந்து மீட்டர் கூடாரத்தில் 25 பிள்ளைகள் தரையில் வசதியாக உட்காரலாம். முப்பதைத் தாண்டினால் ஓரத்தில் இருப்பவர்கள் தலை துணியில் முட்டி, படம் கோணிவிடும். ப்ளோவர் நிற்காமல் ஓடினால்தான் கூடாரம் நிற்கும். கரண்ட் போனால் துணி தலைமேல் இறங்கும். சுருங்கும் பேரண்டத்தைக் காட்ட வந்தவர்களின் கூடாரமே சுருங்கினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். அடிபடுவது ப்ரொஜெக்டர்: பல்பு சூடாக இருக்கும்போதே விசிறி நின்றால் அதன் ஆயுள் குறையும். ப்ளோவரை முதலிலேயே ஜெனரேட்டரில் போடுங்கள், ப்ரொஜெக்டருக்கு யுபிஎஸ் கேளுங்கள். தை, மாசியில் பக்கத்துக் களத்தில் அறுவடை நடந்தால் ப்ளோவரின் வாயை எதிர்ப்பக்கம் திருப்பி வைக்கவும். இல்லையென்றால் நெல் சுணை முழுக்க உள்ளே வந்து, பத்து நிமிடத்தில் எல்லோரும் சொறிய ஆரம்பித்துவிடுவார்கள்.

காட்சியின் முதல் பாதிக்குக் குறையே இல்லை. பேரண்டம் விரிவதைக் காட்டும் பலூனில், விண்மீன் மண்டலங்களுக்காகப் பேனாவால் புள்ளி வைக்காமல் காகிதப் பொட்டு ஒட்டுகிறார்கள். அதுதான் சரி: விரிவது இடைவெளி, விண்மீன் மண்டலங்கள் உப்புவதில்லை. பக்கத்து விண்மீன் மண்டலமான ஆந்த்ரோமெடா நம்மை நோக்கி வருவது அக்கம்பக்க ஈர்ப்பால்தான், சுருக்கம் தொடங்கியதால் அல்ல என்பதையும் யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

சறுக்கல் அதற்குப் பிறகு. அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஐந்தாறு ஹைட்ரஜன் அணுவைத் தாண்டினால் பேரண்டம் சுருங்கும், குறைந்தால் விரிந்துகொண்டே போகும் என்று முடித்துவிடுகிறார்கள். பொருள் மட்டுமே இருந்தால் இது சரி. விரிவு வேகமெடுக்கிறது என்று 1998இல் தொலைதூர சூப்பர்நோவாக்கள் (வெடிக்கும் விண்மீன்கள்) காட்டிய பிறகு அந்தக் கணக்கு போதாது. இன்றைய மதிப்பீட்டில் பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 68 விழுக்காடு, விரிவை வேகப்படுத்தும் இருள் ஆற்றல். அது மாறாமல் இருந்தால் சுருக்கமே கிடையாது. குறைந்து, பிறகு ஈர்க்கும் பக்கம் திரும்பினால்தான் உண்டு. விண்மீன் மண்டலங்களின் தொலைவை அளந்து விரிவைக் கணிக்கும் அரிசோனாவின் டெசி (DESI) ஆய்வு 2024, 2025இல் வெளியிட்ட தரவுகளில் அது குறைவதற்கான சாடை தெரிகிறது. ஆனால் உறுதி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. குறைந்தாலே சுருங்கிவிடும் என்றும் இல்லை.

சுருக்கத்தைக் காட்டும் படத்தில் எல்லாம் ஒரு மையத்தை நோக்கி விழுகின்றன. மையம் என்று ஒன்று கிடையாது. விட்டுப்போனது இன்னும் சுவையானது: விரிவு நின்று திரும்பியதும் முதலில் அருகிலுள்ள மண்டலங்கள்தான் நீலப்பெயர்ச்சி காட்டும், அதாவது நெருங்கி வருவதால் அவற்றின் ஒளி நீலப் பக்கம் நகரும். தொலைவு மண்டலங்களிலிருந்து வரும் ஒளி பழையது என்பதால் அவை வெகுகாலம் சிவப்பாகவே தெரியும். பெருவெடிப்பின் மிச்சமாக எங்கும் பரவி, இப்போது 2.7 கெல்வினில் இருக்கும் பின்னணிக் கதிர்வீச்சு, பேரண்டத்தின் தொலைவுகள் இன்றைய அளவில் நூறில் ஒரு பங்காகும்போது 270 கெல்வினைத் தொடும், கிட்டத்தட்ட பனிக்கட்டியின் சூடு. ஆயிரத்து நூறில் ஒரு பங்கானால் 3000 கெல்வின். அணுக்களே உடையத் தொடங்கும்.

முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் அந்தப் பகுதியில் பேச்சை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டுகிறார்கள். பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் அங்கே பேசிக்கொள்ளலாம். மைக் உள்ளே எதிரொலிக்கும், வேண்டாம்.