காரைக்குடி சொல் வகுப்பு: முதிதா மாசம் எப்படி இருந்துச்சு

காரைக்குடியில ஒரு பழைய வீட்டு வளவுல ஞாயித்துக்கிழமை காலைல நடக்குற சமஸ்கிருத, பாலி (பழைய பௌத்த நூல்களோட மொழி) சொல் வகுப்பு எப்படின்னு பலபேரு கேட்டுட்டே இருக்கீங்க, அதான் எழுதுறேன். மாசத்துக்கு ஒரே ஒரு சொல்லுதான், இந்த மாசம் முதிதா. ஒரு சொல்லுக்கு ஒரு மாசமான்னு மலைக்காதீங்க, என்னக் கேட்டா இன்னும் ரெண்டு வாரம் நடத்தியிருக்கலாம்.

சொல்லித் தர்ற சார் ரிட்டயர்ட் வாத்தியார், "மகிழ்ச்சி"ன்னு ஒரு அர்த்தத்த எழுதிப்போட்டுட்டு போறவரு இல்ல. முத்-ங்கிற வேர்ல ஆரம்பிச்சாரு, மகிழுறதுன்னு அர்த்தம், மோதம், ப்ரமோதம் எல்லாம் அதுல இருந்து வந்ததுதான், நம்ம பிள்ளையார்பட்டியில படைக்கிற மோதகமும் அந்த வேர்தான், கூட்டத்துல தீர்மானத்த ஆமோதிக்கிறேன்னு சொல்றோமே அதுவும்தான். தைத்திரீய உபநிஷத்துல ஆனந்தமயத்த, அதாவது நமக்குள்ள இருக்குற ஆனந்த அடுக்க, ஒரு பறவை மாதிரி சொல்லியிருக்கு, ப்ரியம் தலை, மோதம் வலது சிறகு, ப்ரமோதம் இடது சிறகு, ஆனந்தம் உடம்பு, பிரம்மம் வாலு. இத போர்டுல படமா போட்டு காட்டுனாரு, அன்னைக்கு வந்திருந்த காலேஜ் பசங்க எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

ஆனா வகுப்பு உண்மையிலேயே சூடு பிடிச்சது பாலிக்கு வந்தப்பதான். பௌத்தத்துல மேத்தா (நட்பு, சமஸ்கிருதத்துல மைத்ரீ), கருணா, முதிதா, உபேக்கா (சமநிலை)ன்னு நாலு பிரம்மவிஹாரம், அதாவது மனசுல வளத்துக்க வேண்டிய நாலு உயர்ந்த நிலை, அதுல முதிதான்னா அடுத்தவங்க நல்லா இருக்கறதப் பாத்து நம்ம மனசு மகிழுறது. இதே நாலும் பதஞ்சலியோட யோக சூத்திரத்துல 1.33-லயும் வருது, ஆனா அங்க சுகமா இருக்கறவங்ககிட்ட மைத்ரீ, புண்ணியம் பண்றவங்ககிட்ட முதிதா, அதாவது ஒருத்தரோட வசதியப் பாத்து இல்ல, நல்ல செயலப் பாத்து மகிழுறது. இந்த வித்தியாசத்த நான் வேற எங்கயும் இவ்வளவு தெளிவா கேட்டதில்ல. 5ஆம் நூற்றாண்டுல பாலி நூல்களுக்கு உரை எழுதின புத்தகோசர் முதிதாவுக்கு ரெண்டு எதிரி சொல்றாரு, தூரத்து எதிரி அரதி, அதாவது அடுத்தவன் நல்லத பாக்கவே பிடிக்காம போறது, அது கண்ணுக்குத் தெரியும். பக்கத்து எதிரிதான் ஆபத்து, நமக்குக் கெடச்சத நெனச்சு வர்ற சந்தோஷம், தம்பி மகனுக்கு வேலை கெடச்சா நமக்கும் ஆதாயம்னு துள்ளுறது பாக்க முதிதா மாதிரியே இருக்கும். ரைஸ் டேவிட்ஸும் ஸ்டீடும் 1921-25ல கொண்டு வந்த பாலி அகராதி இந்த சொல்ல 'முத்' வேர்ல சேக்காம மென்மைன்னு அர்த்தம் வர்ற 'முது'வோட சேக்குதுன்னும் சொன்னாரு, அத வச்சு நடந்த வாக்குவாதத்துல டீ ஆறிப்போச்சு.

அனுமோதனா பத்தி பேசறப்ப, அதாவது அடுத்தவங்க புண்ணியத்த பாத்து கூடச் சேந்து மகிழுறது, முன் வரிசையில இருந்த ஒரு ஆச்சி சொன்னாக, "எங்க அப்பச்சி ரங்கூன்ல கடையில இருந்தவுக, அங்க ஒருத்தர் தானம் குடுத்தா சுத்தி நிக்கிற அத்தன பேரும் தாது தாது தாதுன்னு மூணு தடவ சொல்லுவாகளாம், நாங்க சின்னதுல கேட்டிருக்கோம்." சார் உடனே, "ஆச்சி, அதுதான் சாதுங்கிற சொல்லு, பர்மாவுல அப்படித்தான் உச்சரிப்பாங்க, நீங்க சொன்னதுதான் அனுமோதனா"ன்னாரு. பர்மா தேக்குத் தூணுக்கு நடுவுல உக்காந்து அதக் கேட்டது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

ஒரு குறை இருக்கு, குறளத் தொடவே இல்ல. தொல்காப்பியம் உவகைக்கு, அதாவது மகிழ்ச்சிக்கு, செல்வம், புலன், புணர்வு, விளையாட்டுன்னு நாலு காரணம் சொல்லும், நாலும் நமக்குக் கெடைக்கிறதுதான். ஆனா அழுக்காறாமை (பொறாமப்படாம இருக்கறது) அதிகாரத்துல 163ஆம் குறள்ல "பிறனாக்கம் பேணாது அழுக்கறுப்பான்", அதாவது அடுத்தவன் வளர்ச்சியப் பேணாம பொறாமப்படுறவன்னு வருது பாருங்க, பிறன் ஆக்கத்த பேணுறதுதானே முதிதா! பொறாமப்படாம இருந்தா மட்டும் போதாது, அவன் வளர்ச்சிய நம்மளே போற்றிக் காக்கணும்னு கேக்குற வார்த்தை அது. இத நான் கடைசி வாரம் சொன்னேன், குறிச்சு வச்சுக்கிட்டாரு, அடுத்த பேட்ச்ல கண்டிப்பா சேக்கணும்.

இன்னொன்னு, நோட்ஸ் முழுக்க தமிழ் எழுத்துல மட்டும் இருக்கு, சமஸ்கிருதத்துல நாலு 'த' இருக்கறதால எந்த 'த'ன்னு தெரியாம புதுசா வர்றவங்க தடுமாறுறாங்க, பக்கத்துல கிரந்தமோ தேவநாகரியோ போட்டா நல்லது. உக்காறது பாய்லதான், முட்டிவலி இருக்கறவங்க முன்னாடியே சொன்னா நாற்காலி போடுறாங்க. ஃபீஸ் கெடையாது, ஜெராக்ஸ் காசு மட்டும்.

அடுத்த மாசம் பீதி. நம்ம ஊர்ல பயம்னு அர்த்தம், பாலியில அது சமஸ்கிருத ப்ரீதி, அதாவது மனசு பூரிக்கிறது, மயிர்க்கூச்செறியறதுல ஆரம்பிச்சு உடம்பு முழுக்கப் பரவுறது வரைக்கும் அஞ்சு வகை இருக்காம். எடம் சீக்கிரம் நெறஞ்சிடும், ஒம்பது மணிக்கு முன்னாடி போயிருங்க.