பூனைக்குட்டிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? பை அட்டவணை, இலவச கப், டிஜிட்டல் தராசு: ஓர் அலசல்

பூனைக்குட்டிக்கான டிரை ஃபுட் பையை வாங்கினால் உணவோடு இன்னும் இரண்டு பொருட்கள் வீட்டுக்கு வருகின்றன. ஒன்று, பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்ட அளவு அட்டவணை. மற்றது, சில பைகளோடு இலவசமாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கப். எந்த உணவு நல்லது என்று ஆளாளுக்குச் சண்டை போடுகிறோம். தினமும் கிண்ணத்தில் விழும் அளவைத் தீர்மானிக்கும் இந்த இரண்டையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இந்த விமர்சனம் அவற்றைப் பற்றியது. அவற்றோடு ஒப்பிட சமையலறைத் தராசையும் தானியங்கி ஃபீடரையும் சேர்த்திருக்கிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: அட்டவணை முதல் வாரத்துக்கு உதவும். கப் எந்த வாரத்துக்கும் உதவாது. குட்டி வளர்ந்து முடியும்வரை கூட வருவது தராசுதான்.

அட்டவணை: ஐந்துக்கு மூன்று

அளவைப் பார்க்கும் முன் பையில் ஒரு வரியைத் தேடுங்கள். உணவு 'வளர்ச்சிப் பருவத்துக்கு' அல்லது 'எல்லா வயதுக்கும்' முழுமையான சமச்சீர் உணவு என்று எழுதியிருக்க வேண்டும். அமெரிக்கக் கால்நடை உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோவின் (AAFCO) தரக்குறிப்பு, வளரும் பூனைக்கு ஈரம் நீக்கிய உணவில் குறைந்தது 30 சதவீதம் புரதம் கேட்கிறது. வளர்ந்த பூனைக்கு 26 போதும். கால்சியம், பாஸ்பரஸ் விஷயத்திலும் இதே கதைதான். பெரிய பூனையின் உணவைக் கூடுதலாகப் போட்டு இந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

இனி அட்டவணை. இது இரண்டு விதமாக வருகிறது. ஒரு வகையில் குட்டியின் வயதும் இன்றைய எடையும் இருக்கும், படிப்பது சுலபம். இன்னொரு வகையில் வயதும், வளர்ந்தபின் எட்டப்போகும் எடையும் இருக்கும். வழுக்குவது இங்கேதான். 3 கிலோ, 4 கிலோ, 5 கிலோ என்ற தலைப்புகளை இன்றைய எடை என்று எடுத்துக்கொண்டு, 'நம் குட்டி 1 கிலோதானே' என்று 3 கிலோ வரிசையில் மூன்றில் ஒரு பங்கு போடுபவர்கள் உண்டு. குட்டி பட்டினி கிடக்க இதைவிட நேரான வழி இல்லை. தாய் தகப்பன் தெரியாத சாதாரண வீட்டுக் குட்டி என்றால் 4 கிலோ வரிசையை எடுங்கள்; அரைக் கிலோ கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

எந்த வகையானாலும் அதில் இருப்பது ஒரு நாளின் மொத்த அளவு, ஒரு வேளைக்கானது அல்ல. அதுவும் வேறு எதுவும் கொடுக்கவில்லை என்ற கணக்கில் போட்ட அளவு. ஈர உணவுப் பவுச், பிஸ்கட், வீட்டில் யாரோ தட்டிலிருந்து நீட்டும் துண்டு எதுவும் அதில் சேரவில்லை.

அட்டவணை சொல்வது சரிதானா என்று கால்குலேட்டரில் சரிபார்க்கலாம். குட்டியின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்குங்கள். வரும் விடைக்கு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி, 70-ஆல் பெருக்குங்கள். சும்மா படுத்திருக்கும் உடலுக்குத் தேவையான கிலோகலோரி இது. 4 மாதம்வரை உள்ள குட்டிக்கு இதை 2.5-ஆல் பெருக்க வேண்டும். அதன்பின் பெருக்கும் எண் மெல்ல 2-க்கு இறங்கும். வளர்ந்து, கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு 1.2 முதல் 1.4.

1.5 கிலோ குட்டியை எடுத்துக்கொள்வோம். 1.5 × 1.5 × 1.5 = 3.375. முதல் வர்க்கமூலம் 1.84, அடுத்தது 1.355. 70-ஆல் பெருக்கினால் 95. இரண்டரை மடங்கு, சுமார் 237 கிலோகலோரி.

அடுத்து, உணவில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். சில பைகளில் கிலோவுக்கு இத்தனை கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பார்கள். பல பைகளில் இருக்காது. அப்போது சதவீதங்களிலிருந்து கணக்குப் போடலாம். புரதம் 36, கொழுப்பு 18, நார் 3, சாம்பல் (தாதுச்சத்து) 8, ஈரம் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 73, நூறில் மீதி 27 மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 374 கிலோகலோரி. 237-ஐ 3.74-ஆல் வகுத்தால் 63 கிராம். பை 55 என்றோ 70 என்றோ சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். இடையில் ஓர் எண்ணில் தொடங்கலாம். 40 என்றால் வரிசையைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 6 மாதத்தில் 3 கிலோ இருக்கும் பூனைக்கு 2 மடங்கு வைத்தால் ஏறக்குறைய 85 கிராம் வருகிறது. அதே பூனை 4 கிலோவாகி வளர்ச்சி நின்றபின் 1.4 மடங்குக்கு 74 கிராம்தான். எடை கூடியிருக்கிறது, தீனி குறைந்திருக்கிறது. அட்டவணையின் கடைசி வரிகளில் எண்கள் கீழே இறங்குவது அச்சுப் பிழை அல்ல. 'பெருசாயிடுச்சே' என்று கூட்டிக்கொண்டே போகிற வீட்டில்தான் ஒரு வயதிலேயே பூனைக்குத் தொப்பை தொங்குகிறது.

இவ்வளவு விஷயம் உள்ளே இருந்தும் மூன்று மதிப்பெண்தான் தருவதற்குக் காரணம் அச்சிட்ட விதம். எந்த எடை என்பதைப் பெரிய எழுத்தில் போடுவதற்கு என்ன தடை?

இலவச கப்: ஐந்துக்கு ஒன்று

உணவுத் துண்டுகளின் வடிவமும் கனமும் மாறினால் அதே கோடுவரை நிரம்பும் எடையும் மாறும். கப்பில் உள்ள கோடு ஒரே ஓர் உணவுக்கு, தட்டையாக நிரப்பினால் மட்டும், ஓரளவு சரி. ருசியை மாற்றினாலே பொய் சொல்லத் தொடங்கிவிடும். வீட்டில் ஒருவர் கோபுரமாக அள்ளுவார், இன்னொருவர் குலுக்கி நிரப்புவார். சந்தேகம் இருந்தால் ஒரே கோடுவரை ஐந்து தடவை அள்ளி, ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். ஐந்துக்கும் இடையில் வரும் வித்தியாசம்தான் உங்கள் கப்பின் தவறு. 50 கிராம் தின்னும் குட்டிக்கு 10 கிராம் என்பது ஐந்தில் ஒரு பங்கு. பெரிய நாய்க்கு இது தெரியாமல் போகும். ஒரு கிலோ உடம்புக்கு அப்படி அல்ல. பையிலிருந்து அள்ளிப் போடும் கரண்டியாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு மதிப்பெண் அதற்குத்தான்.

டிஜிட்டல் தராசு: நாலரை

ஒரு கிராம் துல்லியம், 5 கிலோ கொள்ளளவு, பாத்திரத்தின் எடையைக் கழித்துச் சுழியமாக்கும் பொத்தான். இந்த மூன்றும் இருக்கும் சாதாரண சமையலறைத் தராசு போதும். மேடை அகலமாக இருந்தால் குட்டியையும் அதிலேயே நிறுத்தலாம்.

குறைகளும் உண்டு. வேளைக்கு 12, 15 கிராம் என்று அளக்கும்போது ஒரு கிராம் பிசகே 7, 8 சதவீதம். அதனால் ஒவ்வொரு வேளையும் அளக்காதீர்கள். காலையில் அன்றைய மொத்தத்தையும் ஒரு டப்பாவில் எடை போட்டு வைத்து, அதிலிருந்து கண்ணளவாகப் பிரித்துப் போடுங்கள். வேளைக்கு வேளை கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் நாளின் கணக்கு தப்பாது. வீட்டில் யார் போட்டார்கள், போடவில்லை என்ற குழப்பமும் தீரும்: டப்பா காலியென்றால் அன்றைய சாப்பாடு முடிந்தது. இன்னொரு குறை, துண்டுகளை மெதுவாகத் தூவினால் சில தராசுகள் அந்தச் சிறு ஏற்றத்தைத் தன் தடுமாற்றமாகக் கருதிப் பழைய எண்ணிலேயே நின்றுவிடும். பாத்திரத்தைத் தூக்கி மறுபடி வைத்தால் சரியான எடை தெரியும்.

தராசின் உண்மையான பயன் உணவை அளப்பதில் இல்லை, குட்டியை அளப்பதில் இருக்கிறது. வாரம் ஒருமுறை, அதே கிழமை, காலைச் சாப்பாட்டுக்கு முன். ஓர் அட்டைப் பெட்டியை வைத்துச் சுழியமாக்கி, குட்டியை உள்ளே விடுங்கள். ஆடிக்கொண்டே இருந்தால் மூன்று தடவை எடுத்து நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருப்பது 8 வாரத்தில் 800, 900 கிராம் ஆகிறது. அதன்பின் 5 மாதம்வரை மாதத்துக்குச் சுமார் 450 கிராம், அதாவது வாரம் நூறு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். தொடர்ந்து இரண்டு வாரம் இதில் பாதிகூட ஏறவில்லை என்றால் உணவைப் பத்து சதவீதம் கூட்டுங்கள். ஒரு வாரம் முழுக்க ஏறவே இல்லை அல்லது இறங்கியிருக்கிறது என்றால் அது கிண்ணத்துக் கணக்கு அல்ல, மருத்துவர் பார்க்க வேண்டியது. 6 மாதத்துக்குப் பிறகு ஏற்றம் தானாகவே மெதுவாகும்; அப்போது நூறு கிராமைத் துரத்த வேண்டாம்.

தராசு சொல்லாததைக் கை சொல்லும். விலா எலும்புகளின் மேல் விரலை லேசாக ஓட்டினால், மெல்லிய துணிக்கு அடியில் இருப்பதுபோல ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். மருத்துவர்கள் பயன்படுத்தும் 9 புள்ளி உடல்நிலை அளவுகோலில் இது 5. அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் பத்து சதவீதம் குறைக்கலாம்; பார்த்தாலே தெரிகிறது என்றால் கூட்ட வேண்டும். வயிற்றைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சாப்பிட்டவுடன் குட்டியின் வயிறு உருண்டு திரண்டுதான் இருக்கும். எப்போதுமே வயிறு உப்பி, முதுகெலும்பு மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் புழு. தீனியைக் குறைத்தால் குட்டி இன்னும் மெலியும். 4 மாதத்துக்குக் கீழே உள்ள குட்டி கொழுப்பது அபூர்வம். அந்த வயதில் சந்தேகம் வந்தால் கூடுதல் பக்கமே சாயுங்கள்.

கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு நிலைமை தலைகீழ். உடலின் தேவை ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது, பசியோ கூடுகிறது. பூனை கத்துவதை வைத்து அளவைத் தீர்மானித்தால் தோற்றுவிடுவீர்கள். ஆபரேஷனுக்கு முன் இருந்த அளவைக் கூட்டாமல் அப்படியே நிறுத்தி, வார எடையையும் விலாவையும் பார்த்து, தேவைப்பட்டால் பத்துப் பத்து சதவீதமாகக் குறைப்பது நல்லது. வளர்ச்சி இன்னும் முடியவில்லை, அதனால் ஒரேயடியாக வெட்டக் கூடாது.

பவுச்சும் சேர்த்துக் கொடுப்பவர்களுக்கு

முதலில் பவுச் முழுமையான உணவா, துணை உணவா என்று பாருங்கள். வெறும் இறைச்சித் துண்டும் சாறும் உள்ள துணை உணவு, பிஸ்கட் போலத்தான். நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முழுமையான உணவு என்றால் அதே சதவீதக் கணக்கு. புரதம் 10, கொழுப்பு 5, நாரும் சாம்பலும் சேர்ந்து 2.5, ஈரம் 80 உள்ள 85 கிராம் பவுச்சில் சுமார் 73 கிலோகலோரி இருக்கும். மேலே சொன்ன டிரை ஃபுட்டில் அது 20 கிராமுக்குச் சமம். 63 கிராம் தின்னும் குட்டிக்கு ஒரு பவுச் கொடுத்தால் டிரை ஃபுட் 43 கிராமாகக் குறைய வேண்டும். பவுச் மட்டும் என்றால் நாளுக்கு மூன்றே கால். உணவை மாற்றும்போதும் இப்படித்தான்: 100 கிராமுக்கு 420 கிலோகலோரி உள்ள உணவுக்குப் போனால் 63 என்பது 56 ஆகிவிடும். பழைய கிராமையே தொடர்ந்தால் மலம் இளகும், குற்றம் புது உணவின் தலையில் விழும். 7 முதல் 10 நாளில் மெல்லக் கலந்து மாற்றுங்கள்.

பால்குடி மறக்கும் குட்டிக்கு ஊறவைத்துக் கொடுப்பவர்கள், ஊறுவதற்கு முன்பே எடை போட வேண்டும். தண்ணீர் குடித்த துண்டின் எடை எதற்கும் உதவாது. ஊறியது ஓரிரு மணி நேரத்துக்கு மேல் கிண்ணத்தில் கிடக்கக் கூடாது. 4 மாதம்வரை நாளுக்கு நான்கு வேளை, 6 மாதம்வரை மூன்று, அப்புறம் இரண்டோ மூன்றோ.

தானியங்கி ஃபீடர்: நிபந்தனையோடு மூன்று

வேலைக்குப் போகிறவர்களுக்கு மதிய வேளையைப் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே இருப்பதும் ஒரு வகை கப்தான்: 'ஒரு பங்கு' என்பது கன அளவு, கிராம் அல்ல. வாங்கியவுடன் பத்துப் பங்கு விழவிட்டு, மொத்தத்தை எடை போட்டு, பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். உணவை மாற்றும்போதெல்லாம் இதையே மறுபடி செய்யுங்கள். இரண்டு பூனை உள்ள வீட்டில் யார் எவ்வளவு தின்றது என்று இது சொல்லாது. புவியீர்ப்பில் தானாக நிரம்பும் மலிவு வகையில் குட்டி சாப்பிடாத நாளே உங்களுக்குத் தெரியவராது. சின்னக் குட்டிக்கு அது ஆபத்து. ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

டிரை ஃபுட்டை டப்பாவில் கொட்டி வைப்பவர்கள் பையை எறிந்துவிடாதீர்கள். பையோடு சேர்த்து டப்பாவுக்குள் இறக்கி, வாயை மடித்து மூடுங்கள். கொழுப்பு சிக்கு வாடை அடிக்காமல் இருக்கும், சதவீதங்களும் அட்டவணையும் தயாரிப்பு எண்ணும் கைவசம் இருக்கும். பிரித்த பையை ஆறு வாரத்துக்குள் முடிக்கும் அளவுக்கே வாங்குங்கள். நாளுக்கு 63 கிராம் என்றால் ஆறு வாரத்துக்கு ஏறக்குறைய 2.6 கிலோ.